தாய்மாமன் ஓட்டிய வண்டி

நாகராஜ் எனக்குத் தர வேண்டியது எண்பத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். பிக்கப் வண்டி எடுத்த அன்று ஷோரூமில் கட்டிய முன்பணத்தில் அது அவன் பங்கு. அதையும் சேர்த்து நானே கட்டினேன். "ஓட்டி ஓட்டிக் குடுத்துடறேன் மாமா, நான் எங்க போவப்போறேன்" என்றான். எங்கேயும் போக மாட்டான்தான். அவன் என் மனைவி அஞ்சலாட்சியின் கூடப்பிறந்த தம்பி, என் மகளுக்குத் தாய்மாமன்.

நான் சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் மூட்டை தூக்கினவன். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகு ஆடினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் தரையிலேயே பிழைத்தேன். கம்பெனியை மூடியபோது செட்டில்மெண்ட் என்று ஒரு தொகை வந்தது. முதுகு போன ஆளை வேறு எவனும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நாகராஜிடம் லைசென்ஸ் இருந்தது, பணம் இல்லை. என்னிடம் பணம் இருந்தது, ஓட்டத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் தை மாதத்தில் வண்டி எடுத்தோம். அவன் ஓட்ட வேண்டும், நான் ஏற்றி இறக்க வேண்டும், டியூ போக மிச்சம் ஆளுக்குப் பாதி.

லோடு கொடுத்தவர் காஜியார் வீதி ஜமால் பாய். உயிர் நண்டு வியாபாரம். கழிமுகத்தில் பிடிக்கிற பெரிய நண்டைக் கொடுக்கோடு சேர்த்துக் கட்டி, கூடையில் அடுக்கி, ஈரச்சாக்கு போட்டு மூடிச் சென்னை ஏர்போர்ட்டுக்கு அனுப்புவார். அங்கே இறக்கும்போது கண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். நண்டு கண்ணை உள்ளே இழுத்தால் உயிர் இருக்கிறது. இழுக்காத நண்டுக்குக் காசு கிடையாது, அந்த நஷ்டம் எங்கள் வாடகையில் கழியும். ஆவணியில் என் மகள் தேவிப்பிரியாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் தைரியமாகத் தலையாட்டியது இந்த நண்டை நம்பித்தான்.

முதல் மாதம் வண்டி ஒரு குறையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மாசி மகத்தின்போது நான் ஊரில் இல்லாத மாதிரிதான். அஞ்சலாட்சிக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன். நான் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தேன். நாகராஜ் போன் செய்தான். "ஊரே கூட்டமா இருக்குது மாமா. லோடு இல்ல. வண்டிய வூட்டாண்டயே நிறுத்திட்டேன். நீ அக்காவ பாரு." அவன் பேச்சுக்குப் பின்னால் மேளச்சத்தம் கேட்டது. மாசி மகத்தன்று புதுச்சேரியில் மேளம் கேட்காத இடம் ஏது என்று விட்டுவிட்டேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நண்டு ஏற்றிக்கொண்டு சென்னைக்கு முதல் நடை போனோம். காலாப்பட்டு தாண்டி ஈ.சி.ஆர் ரோட்டில் வண்டி வேகம் பிடித்தது. அறுபதைத் தொட்டதும் என் காலுக்கு அடியில் ஏதோ உறும ஆரம்பித்தது. ஓடுகிற மிக்ஸியின் மேல் கால் வைத்த மாதிரி. உறுமல் சீட்டுக்கு ஏறி, முதுகுக்கு ஏறி, பல்லுக்கு வந்தது. வேகத்தைக் குறைத்தால் அடங்கியது. ஏற்றினால் திரும்ப வந்தது.

"இன்னாடா இது?"

"தெரியலயே மாமா. புது வண்டி, இப்படி ஆடலாமா?" என்றான் நாகராஜ். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மரக்காணத்தில் இறங்கி வாந்தி எடுத்தேன். கடல் என்னைத் தேடித் தரைக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஏர்போர்ட்டில் கூடையைத் திறந்தால் பாதி நண்டுக்குக் கால் ஒடிந்திருந்தது. கண்ணைத் தொட்டேன். பல கண்கள் அப்படியே நின்றன.

மறுநாளே வண்டியை வாங்கின இடத்து சர்வீஸுக்குப் போனோம். சர்வீஸ் பார்க்கிறவன் பேர் வினோத்குமார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறைய 'சார்'. என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. ஏ.சி. ரூமில் உட்கார வைத்துக் காபி கொடுத்தான். பிறகு அவனும் நாகராஜும் வண்டியில் ஏறி ட்ரையல் போனார்கள். திரும்பி வர ரொம்ப நேரமானது.

"வீல் பேலன்சிங்தான் சார். பாத்துடலாம்."

பார்த்தார்கள். அடுத்த நடையில் அதே உறுமல். திரும்பப் போனோம். அலைன்மெண்ட் என்றான். அதற்கடுத்து, முன் டயர் இரண்டும் உருண்டை கெட்டுவிட்டது என்றான். டயருக்கு வாரண்டி கிடையாதாம். அதை நான் கைக்காசு போட்டு மாற்றினேன். பிறகு என்ஜினைத் தாங்குகிற ரப்பரை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் இருவரும் ட்ரையல் போவார்கள், நான் காபி குடிப்பேன், நாகராஜ் இறங்கி வந்து, "பாதி போயிடுச்சி மாமா" என்பான். அந்த மிச்சப் பாதி சென்னைக்குப் போகும்போது முழுசாக எழுந்து உட்காரும்.

ஒரு நாள் வினோத்குமார், "ரோடு அப்படி சார்" என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எந்த ரோடுப்பா? அந்த ரோட்டுல சென்னைக்காரன் காருக்குள்ள டீ குடிச்சிக்கினே வர்றான், ஒரு சொட்டு சிந்த மாட்டேங்குது. என் வண்டிக்கு மட்டும் நீ தனியா ரோடு போட்டு வச்சிருக்கியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வினோத்குமார் சிரித்த முகத்தோடு, "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றான். வெளியே வந்ததும் நாகராஜ் என்னைவிட அதிகமாகத் திட்டினான். "திருட்டுப் பசங்க மாமா. டேமேஜ் வண்டிய நம்ம தலையில கட்டிட்டானுவோ. நீ வுடாத. போய்ப் போய்க் கேளு. உன் பேர்ல வண்டி, நீதான் கேக்கணும்." என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னான்.

நண்டு சாவது நிற்கவில்லை. நாகராஜ்தான் ஏர்போர்ட்டில் கணக்குப் பார்ப்பான். நான் கூடை சுமந்து முதுகைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் படுத்துவிடுவேன். இன்றைக்கு இத்தனை செத்தது என்று அவன் வந்து சொல்வான், அது ஜமால் பாய் தரும் வாடகையில் கழியும். கடைசியில் ஜமால் பாய் என்னைக் கூப்பிட்டு டீ சொன்னார்.

"சிகாமணி, எனக்கு உம்மேல ஒண்ணும் இல்லப்பா. நண்டுதான் உன் வண்டியில ஏற மாட்டேங்குது."

"சரி பண்ணிடறேன் பாய்."

"சித்திரையில மீன்பிடி தடை வருது. போட்டெல்லாம் நின்னுடும். அப்போ நண்டுக்குத் தங்க வெல. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி வேற வண்டி பாத்துக்குவேன். வருத்தப்படக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தடைக்கால லோடு போனால் கல்யாணம் போன மாதிரி. வீட்டுக்கு வந்து யோசித்தேன். கத்திப் பார்த்தாகிவிட்டது. கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது. மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி ஒன்று வாசலில் கிடந்தது. அதை எடுத்து, கெட்டி மார்க்கர் வாங்கி வந்து எழுதினேன். "இந்த வண்டியை வாங்கி நான் கெட்டேன். நீங்களும் வாங்காதீங்க."

நான் எழுத்துக் கூட்டியதே நாற்பது வயதுக்கு மேல். சொல்லிக் கொடுத்தவள் அஞ்சலாட்சி. எட்டாவது வரை படித்தவள். ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு தரையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி எழுதிக் காட்டுவாள். அன்றைக்கும் பழக்கத்தில் அவளிடம்தான் மூடியை நீட்டினேன். அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள்.

"வேணாங்க. பெரிய எடம்."

"பெரிய எடமா இருந்தா? என் முதுகு ஒடிஞ்ச காசு அது."

அவள் மார்க்கரை வாங்கினாள். எழுத்துகள் மெலிசாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு முறை இழுத்துக் கறுப்பாக்கிக் கொடுத்தாள்.

நல்ல நாள் பார்த்துத்தான் போனேன். அன்று முகூர்த்தம். ஷோரூம் வாசலில் நாலைந்து புது வண்டிகள் மாலையோடு நின்றன. ஒரு குடும்பம் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தது. நான் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்து மூடியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர் கிட்டே வந்து குனிந்து படித்தார்.

"நெசமாவா?"

"அறுபதுக்கு மேல போனா சாமி வந்த மாதிரி ஆடுதுங்க."

அவர் போய் மகனிடம் ஏதோ சொன்னார். எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குள் மேனேஜர் வெளியே வந்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்க, அவரையும் ஒரு தடவை வண்டியில உக்கார வச்சிக் காட்டறேன் என்றேன். கூட்டம் சேர்ந்தது. யாரோ சொல்லி நாகராஜ் ஓடி வந்தான். "மாமா, எழுந்துரு மாமா, அசிங்கமா இருக்குது" என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் எழவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது மேனேஜர் இறங்கி வந்து பேசினார். சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் நாளைக்கு வருவார், உங்கள் முன்னாலேயே வண்டியைத் தூக்கிப் பார்ப்போம் என்றார்.

வந்தது ஒரு பெண். வினோதா என்று பேர். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். காபி, சார் ஒன்றும் இல்லை. வந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு அவளே ரோட்டில் ஓட்டினாள். அறுபதில் உறுமியது. "ஆமாய்யா, நீங்க சொல்றது சரிதான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை தடவை நடந்தும் அதை ஒருத்தரும் சொன்னதில்லை.

வண்டியை லிஃப்டில் தலைக்கு மேல் தூக்கினார்கள். நான், நாகராஜ், வினோத்குமார், மேனேஜர் எல்லோரும் சுற்றி நின்றோம். அவள் டார்ச் அடித்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் நடந்தாள். நடுவில் நின்றாள். என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீள இரும்புக் குழாய், அதை ஷாப்ட் என்கிறார்கள். அதைக் கையால் மெல்லச் சுழற்றினாள். கிரீஸ் பூசிய ஒரு மூட்டுக்குள் குறடை விட்டு எதையோ இழுத்தாள்.

"ஐயா, இங்க வாங்க."

பச்சை நைலான் கயிற்றின் நூல். உருகி முறுக்கிக்கொண்டு இருந்தது. அவள் விரலில் தேய்த்துக் காட்டியபோது கிரீஸோடு மணல் நெறுநெறுத்தது. குழாயின் நடுவில் கயிறு அறுத்த தடம் வளையம் போல இருந்தது.

"இது வளைஞ்சிருக்கு. அதான் வேகத்துல உதறுது. யாரோ இதுல கயிறு கட்டி வண்டிய இழுத்திருக்காங்க."

"என் வண்டி ஒரு எடத்துலயும் மாட்டலம்மா."

"மாட்டாம இப்படி ஆகாதுய்யா."

எனக்குச் சுரீரென்றது. இவளும் அவர்கள் ஆள்தான், பழியை என் மேல் திருப்புகிறாள் என்று நினைத்தேன். "இந்த வண்டியில ஒருத்தனும் கயிறு கட்டல. என் பொண்ணு தேவிப்பிரியா மேல சத்திய..."

"மாமா! பொண்ணு மேல வேணாம்!"

நாகராஜ் என் வாயைப் பொத்தியிருந்தான். கையை எடுத்த பிறகும் நான் சத்தியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

"எப்போடா?"

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "மாசி மகத்துக்கு. ஒரு ஊர்க்காரங்க வாடகை பேசி, சாமிய நம்ம வண்டியில ஏத்திக்கினு வைத்திக்குப்பத்துக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்தாங்க. கரை வரைக்கும் போவச் சொன்னாங்க. மணல்ல எறங்கிடுச்சி. அலை வேற கிட்ட வந்துட்டு இருந்துச்சி. படகு இழுக்கிற டிராக்டர் நின்னுச்சி..."

"முன்னாடி இழுக்கறதுக்குன்னே கொக்கி இருக்கே" என்றாள் வினோதா.

"எங்களுக்குப் படகுக்கு இடுப்புலதான் கட்டிப் பழக்கம். குனிஞ்சி பாத்தேன், நடுவுல கெட்டியா இது இருந்துச்சி. சுத்திக் கட்டிட்டேன்."

பின்னால் நின்ற மெக்கானிக் பையன்கள் சிரித்தார்கள். வண்டிக்கு இடுப்புக் கட்டிய கதை அன்று சாயங்காலத்துக்குள் ரோடு முழுக்கப் போயிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வூட்டாண்ட நிறுத்தியிருக்கேன்னு சொன்னியே."

"சாமிக்குத்தான மாமா ஓட்டுனேன்."

"சாமிக்கு ஓட்டுனா வாடகை எதுக்குடா வாங்குன? வாங்குனதுல என் பாதி எங்க?"

வினோத்குமார் மெல்ல நகர்ந்தான். நான் அவன் அடையாள அட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

மேனேஜரைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முத ட்ரையல்லயே தெரிஞ்சிடுச்சி சார். கயிறு கட்டி வளைஞ்சதுக்கு கம்பெனி வாரண்டி தராது. உங்க மச்சான்தான், இன்னா பண்ணலாம்னு கேட்டாரு. நாலஞ்சு தடவ கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் ஏறி, எதை மாத்தியும் சரியாகலன்னா, கம்பெனியே அலுத்துப்போய் புது ஷாப்ட் அனுப்பிடும். அதான்..."

"அப்போ என் டயரு?"

அவன் என் கையிலிருந்து அட்டையை விடுவித்துக்கொண்டான். வினோதாதான் நாகராஜிடம் கேட்டாள், தப்பாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். "இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே. சேர்ந்தே கேட்டிருக்கலாமே."

நாகராஜ் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "தெரிஞ்சிக்கினு கோவப்பட்டா மூஞ்சியில தெரிஞ்சிடும் மாமா. உன்ன மாதிரி நெசமா கோவப்பட எனக்கு வராது."

என்ஜின் ரப்பர், டயர், அலைன்மெண்ட் மாதிரி என் கோபமும் அவர்கள் மாட்டிப் பார்த்த ஒரு சாமான். என்னை ரோட்டில் உட்கார வைத்தது வரை அதில் அடக்கம். இல்லை, கூட்டம் கூடி வெளியாள் வந்து பார்ப்பது அவர்கள் கணக்கில் இல்லாதது. அதனால்தான் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

வினோத்குமார் இதற்கெல்லாம் என்ன வாங்கினான் என்பது அடுத்த பேச்சில் வெளியே வந்தது. நண்டு. செத்துப்போனதாக ஜமால் பாயிடம் கழித்த நண்டில் கொஞ்சம் சாகவே இல்லை. கண்ணை இழுத்துக்கொண்டு உயிரோடு வினோத்குமார் வீட்டுக்குப் போயிருக்கிறது.

வீட்டுக்கு பஸ்ஸில் போனேன். தெர்மாகோல் மூடியை அங்கேயே போட மனம் வரவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றபோது ஒரு ஆள் அதைப் படித்துவிட்டு, "எந்தக் கம்பெனி வண்டிண்ணே?" என்று கேட்டான். கம்பெனி மேல ஒண்ணும் இல்லப்பா என்றேன்.

அஞ்சலாட்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். மாசி மகம் என்று சொன்ன உடனே அவள் கை கீரையிலேயே நின்றது. 'ஐயோ' என்றோ, 'அவனா' என்றோ கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலயே வந்து சொல்லி அழுதான்."

"அப்போ இதுக்கு எதுக்குடி கறுப்பு ஏத்திக் குடுத்த?" மூடியைக் கீரை மேல் போட்டேன்.

"சொன்னா அவன ஒதுக்கி வச்சிடுவீங்க. அப்புறம் சர்வீஸுக்குப் போயிட்டு வந்து, சொல்லாட்டி கம்பெனிக்காரனே மாத்திக் குடுத்துடுவான், யாருக்கும் நஷ்டம் இல்லன்னு சொன்னான். எனக்கு ரெண்டு பேரும் வேணும்ங்க."

அழுதாள். நான் சமாதானம் செய்யவில்லை. வயிற்றில் தையல் இன்னும் முழுக்க ஆறாதவள் என்று தெரிந்தும் செய்யவில்லை. மூடியை அவள்தான் பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு மேல் போட்டு வைத்தாள், எழுத்து கீழே இருக்கிற மாதிரி. அன்றிலிருந்து நானும் அவளும் சோறு, தண்ணி, மருந்து என்று வேண்டியதை மட்டும் பேசினோம்.

புது ஷாப்டுக்கு அவள் சங்கிலி அடகுக்குப் போனது. சர்வீஸில் டயர் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், வினோத்குமார் அங்கே இல்லை. ஜமால் பாயிடம் நானே போய் நண்டு விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் தடைக்காலம் தொடங்கி, லோடு வேறு வண்டிக்குப் போயிருந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "எங்கிட்ட வந்து சொன்னியே, அதுக்காக வாரத்துல ரெண்டு நடை தர்றேன். ஆனா ட்ரைவர மாத்து" என்றார். மாற்றினேன். வடிவேல் என்று ஒரு ஆள், சம்பளத்துக்கு. வண்டி எண்பதில் போனாலும் இப்போது சத்தமில்லை. கால் மட்டும் அறுபது வந்ததும் தானாகத் தரையை அழுத்திப் பார்த்துக்கொள்கிறது.

ஆவணி வந்தது. கைமாற்று, வட்டி என்று திரட்டிக் கல்யாணத்தை நெருங்கிவிட்டேன். பத்திரிகையில் தாய்மாமன் பேர் போட வேண்டும். போட்டேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு நம் வீட்டு நாற்றம் எதற்கு. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நாகராஜ் வந்தான். ஒரு கையில் பட்டுப்புடவைப் பை, இன்னொரு கையில் ரூபாய்க் கட்டு.

"இருவதாயிரம் இருக்குது மாமா. மிச்சத்த எப்படியாவது..."

"வச்சுக்கோ."

"கோவமா சொல்லாத மாமா."

"கோவம் இல்ல. அதத்தான் தீத்துட்டியே. அந்த எண்பத்து மூவாயிரத்து நானூற நீ தர வேணாம். நீ என் பொண்ணுக்கு வச்ச சீருன்னு சபையில எழுதிடறேன். கடன் தீந்துச்சி."

அவன் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அப்போ புடவைய நான் மணவறையிலேயே..."

"சீர் வந்துடுச்சி. ஆளு வர வேணாம்."

கதவுக்குப் பின்னால் நின்ற அஞ்சலாட்சி வெளியே வந்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தம்பியின் கையிலிருந்து புடவைப் பையை வாங்கி, திரும்ப அவன் கையிலேயே வைத்தாள். "சாப்டுட்டாவது போடா" என்றாள். அவன் சாப்பிடவில்லை.

தாலி கட்டி முடிந்து, மண்டபத்து வாசலில் மேசை போட்டு மொய் எழுதினார்கள். எழுதியவர் எங்கள் தெரு ராமலிங்கம், மைக்கில் ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் காதில் சொன்னேன். நம்பாமல் என்னைப் பார்த்தார். எழுதுங்க என்றேன்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் நாகராஜ் அவர்கள் சீர், எண்பத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்!"

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் ஒரு அம்மா, "தாய்மாமன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சம்பந்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவ்ளோ செஞ்சிட்டு ஆள் எங்கங்க? பாக்கணுமே."

"வண்டி ஓட்டப் போயிருக்கான்" என்றேன்.

மணவறையில் அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராமலிங்கம் அடுத்த பேரைப் படித்தார்.